தேநீர் டப்பாவுக்கு நேரே ஓர் அட்டை

நொடித்துப்போன ஒரு நிறுவனத்தின் பொறுப்பை ஏற்பவர் முதல் நாளில் செய்ய வேண்டியவற்றை அவ்ரில் ஓர்மராட் மனப்பாடமாகச் சொல்வாள். பூட்டுகளை மாற்ற வேண்டும். மின்மானி காட்டும் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். கிடங்கில் விலை கொடுக்கப்படாமல் கிடக்கும் சரக்கைத் தனியே ஒதுக்கி அடையாளச் சீட்டுக் கட்ட வேண்டும். அதன் பிறகே பணியாளர்களை ஓரிடத்தில் கூட்டிச் செய்தியைச் சொல்ல வேண்டும். இந்த வரிசையை அவள் இரண்டு முறை கற்றாள். முதல் முறை, தன் வேலை போன அன்று, மில்லின் படிக்கட்டுக்குக் கீழே கூட்டத்தோடு கூட்டமாக நின்று கற்றாள். இரண்டாம் முறை, நாற்பத்தாறாம் வயதில், புத்தகத்திலிருந்து கற்றாள்.

ரோசண்டேல் பள்ளத்தாக்கில் வீட்டுச்செருப்புத் தைத்தே மூன்று தலைமுறைகள் உண்டு உடுத்திருந்தன. அவ்ரிலும் பதினாறு வயதில் தையல் கூடத்தில் உட்கார்ந்தவள்தான். எட்டாண்டுகளுக்கு முன் அந்த மில் மூடியபோது, பரி நகரத்திலிருந்து பொறுப்பேற்க வந்த திரு. எண்ட்விஸில் படிக்கட்டின் நான்காம் படியில் நின்று ஒரு தாளை வாசித்தார். பிறகு அரசுப் படிவங்களைக் கொடுத்தார். பெண்கள் அவற்றைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தனர். அவ்ரில் தன் தையல் இயந்திரத்தின் மூடியை மேசையாக்கிக்கொண்டு முப்பத்தொரு பேருக்குப் படிவம் நிரப்பினாள். கடைசியில் தன்னுடையதை நிரப்பினாள். அதை அவர் பார்த்துக்கொண்டிருந்தார். அடுத்த வாரமே தம் அலுவலகத்தில் தொலைபேசி எடுக்க அவளை அழைத்துக்கொண்டார்.

தொலைபேசியிலிருந்து பேரேட்டுக்கும், பேரேட்டிலிருந்து கடிதங்களுக்கும் அவள் படிப்படியாக நகர்ந்தாள். ஒரு நாள் அவர் சொன்னார்: "பரீட்ச எழுதாட்டி சாகற வரைக்கும் லெட்டர் அடிச்சுக்கிட்டே இருப்ப, அவ்ரில். எழுதினா அதுல கையெழுத்துப் போடுவ."

அலுவலகத்தில் எல்லோரும் அவரைப் பெயர் சொல்லி கிளிஃப் என்றே அழைத்தனர். அவ்ரிலுக்கு மட்டும் அது நாக்கில் வரவில்லை. நான்காம் படியில் நின்றவர் அவளுக்கு என்றும் மிஸ்டர் எண்ட்விஸில்தான்.

படிப்பு எளிதாக இல்லை. பேருந்தில் படித்தாள், மதிய இடைவேளையில் சாண்ட்விச்சைக் கடித்தபடி படித்தாள். மணவிலக்குக்குப் பின் தனியாக வாழ்ந்த சிறு வீட்டில், சமையலறை அலமாரிக் கதவுகளின் உட்புறமெல்லாம் அட்டைகளை ஒட்டி வைத்தாள். தட்டுகள் இருந்த அலமாரியைத் திறந்தால் பணியாளர் உரிமைகள். ஓட்ஸ் இருந்த அலமாரியைத் திறந்தால் நிறுவனத்தைக் கலைப்பவரின் கடமைகள். காலையில் கஞ்சி காய்ச்சும் நேரத்துக்குள் இரண்டு அட்டைகள் மனத்தில் ஏறின. தேர்வு டிசம்பரில் இருந்தது.

அக்டோபரில் ஒரு வியாழக்கிழமை, நாரையின் பெயரிட்ட கோப்பு ஒன்று அவள் மேசைக்கு வந்தது. நொடிப்புக்கு முந்தைய கோப்புகளுக்கு நிறுவனத்தின் உண்மைப் பெயரை இடுவதில்லை; பறவையின் பெயரை இடுவர். பணியாளர் பட்டியலைச் சரிபார்த்து, ஒவ்வொருவருக்கும் அரசு நிதியிலிருந்து எவ்வளவு சேரும் என்று கணக்கிடுவது அவள் வேலை. பதினேழாவது வரிசையில் எழுதியிருந்தது: ஹாவொர்த், நார்மா. தையல் கூடம். இருபத்தாறு ஆண்டுகள்.

நார்மா அவளுடைய மூத்த சகோதரி. பள்ளத்தாக்கில் எஞ்சியிருந்த கடைசிச் செருப்பு மில்லான டர்ன்பேங்கில் வேலை செய்தாள்.

அவ்ரில் கோப்பை மூடினாள். புத்தகத்தின் நான்காம் அத்தியாயம் சொல்லியவாறே எழுந்து போய்த் தெரிவித்தாள்.

"இதுல என் கூடப்பிறந்தவ இருக்கா, மிஸ்டர் எண்ட்விஸில்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எது?"

"பதினேழாவது."

"சொன்னது நல்லதாப் போச்சு. இந்த ஃபைல் இனி உன் மேசைக்கு வராது. நீ எதையும் பாக்கல."

"பாத்துட்டேனே."

"பாக்கல, அவ்ரில்." அவர் குரல் கடுமையாக இல்லை. "வெளிய ஒரு வார்த்த போனா என்ன ஆகும்? சொல்லு, பரீட்சைக்குச் சொல்ற மாதிரி."

"கடனுக்குத் துணி குடுத்தவன் அத அள்ளிட்டுப் போக லாரியோட வந்து நிப்பான். வாங்கறேன்னு வந்திருக்கற ஆளு ஓடிருவான். மில்லக் காப்பாத்த இருக்கற ஒரே வழியும் போயிரும்."

"மொத்தம் எத்தன பேரு?"

"நாப்பத்து மூணு."

"அதான். வாங்க வர்றவன் நெஜமாவே வாங்கினா உங்க நார்மா வேலையும் நெலைக்கும். வாய மூடிக்கிட்டு சாமியக் கும்புடு."

ஆனால் கோப்பின் அட்டையில் எழுதியிருந்த, மில்லின் பொறுப்பை ஏற்கும் தேதியை அவள் கண்டுவிட்டிருந்தாள். பதினெட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை.

சனிக்கிழமைகளில் நார்மா சந்தைக்குப் போய்விட்டு, மூலைக் கடையில் சூடான உருளைக்கிழங்குச் சிப்ஸும் கிரேவிக் குழம்பும் கட்டிக்கொண்டு தங்கை வீட்டுக்கு வருவது வழக்கம். அன்றும் வந்தாள். வாசலில் நின்று மேலங்கியை உதறினாள்.

"மழையா இது? மேல நின்னு ஒருத்தன் துப்பற மாதிரி. தட்டு வேணாம், காகிதத்துலயே தின்னலாம். தட்டெடுக்கப் போனா உன் சட்டமெல்லாம் தலைல வந்து விழும்."

"வில்ஃப் எப்படி இருக்காரு?"

"அந்த மனுஷனா? வாய்க்கு மட்டும் வாதம் வரல. காலைல என்னக் கூப்புட்டு, மேகம் எந்தப் பக்கம் போகுதுன்னு பாத்துச் சொல்லுங்கறாரு. ஏன்னு கேட்டா, புறாப் பந்தயமாம். புறாவ வித்து நாலு மாசம் ஆச்சு!"

சென்ற வசந்தத்தில் நார்மாவின் கணவர் வில்ஃபுக்குப் பக்கவாதம் வந்தது. மில்லில் தோல் வெட்டும் அழுத்த எந்திரத்தில் முப்பது ஆண்டுகள் நின்ற மனிதர், இப்போது முன்னறையில் கட்டில் போட்டுப் படுத்திருந்தார். கழிப்பறை மாடியில் இருந்தது. மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்தைக் கழிப்பறையாக மாற்றித் தர ஒரு கொத்தனார் ஆறாயிரம் பவுண்டு கேட்டிருந்தார். அதுவரை வாளிதான்.

நார்மா சிப்ஸைப் பிரித்து வைத்துவிட்டுக் கைப்பையிலிருந்து ஓர் உறையை எடுத்தாள். "இந்தா, படி. நீதான் படிச்சவளாச்சே. தப்பு இருந்தாச் சொல்லு. திங்கக்கிழம மேனேஜர்கிட்டக் குடுக்கறேன். வெள்ளிக்கிழமையோட மில்லுக்கு ஒரு கும்புடு."

அது விலகல் கடிதம். இருபத்தாறு ஆண்டுகளை நார்மா நான்கு வரிகளில் முடித்திருந்தாள். வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளியிருந்த முதியோர் இல்லத்தில் அவளுக்கு வேலை கிடைத்திருந்தது. மதியம் ஓடி வந்து வில்ஃபின் வாளியை மாற்றிவிட்டுப் போகலாம்.

"வர்ற வெள்ளிக்கிழமையா?" என்றாள் அவ்ரில்.

"அதுக்கடுத்த திங்கள்ல இருந்து அங்க. இல்லத்த நடத்தற மேட்ரன்கிட்ட வாக்குக் குடுத்துட்டேன். பாலத்தடி பேக்கரில நாப்பது வெனிலா ஸ்லைஸும் சொல்லியாச்சு. என்ன, தப்பா எழுதியிருக்கேனா? மூஞ்சி ஏன் இப்படிப் போகுது?"

கஸ்டர்ட் திணித்த அந்தப் பண்டத்தைக் கூடத்தில் உள்ள ஒவ்வொருவருக்கும் வாங்கித் தராமல் எவரும் மில்லை விட்டுப் போனதில்லை. பிறந்தநாளானாலும், பிரிவானாலும், எவருடைய நாளோ அவரே வாங்கித் தர வேண்டும்.

அவ்ரில் கடிதத்தை மறுபடியும் படித்தாள். நார்மா அந்த இல்லத்தில் வேலை கேட்டிருப்பது அவளுக்கு முன்பே தெரியும்; அதனால் அன்று விடியும் முன்பே எழுந்து, தட்டு அலமாரியிலிருந்த ஓர் அட்டையைப் பெயர்த்து, தேநீர் அலமாரியில், டப்பாவுக்கு நேரே, கண் மட்டத்தில் ஒட்டி வைத்திருந்தாள். பன்னிரண்டு பவுண்டு கொடுத்து எவரும் வாங்கக்கூடிய புத்தகத்தில் அச்சாகியுள்ள ஒரு சட்டம் எப்படி இரகசியமாகும் என்று அவள் தனக்குத்தானே வாதாடி முடித்திருந்தாள்.

"தப்பு ஒண்ணும் இல்ல," என்று கடிதத்தைத் திருப்பித் தந்தாள். "டீ நீயே போடேன் நார்மா. என் கையெல்லாம் கிரேவி."

"வந்தவள வேல வாங்கறா பாரு, வக்கீலம்மா!"

நார்மா கெட்டிலைப் போட்டுவிட்டு அலமாரியைத் திறந்தாள். அவ்ரில் அவள் முதுகையே பார்த்திருந்தாள்.

"இங்கயும் ஒட்டிட்டியா?" நார்மா உரக்க வாசித்தாள். "'நிறுவனம் நொடித்த நாளில் பணியில் இருந்தவருக்கு வேலையிழப்பு ஈட்டை அரசு நிதி வழங்கும். அதற்கு முன் தானாக விலகியவருக்கு ஈடு இல்லை.' அட கடவுளே, கையெழுத்து இன்னும் கோழி கெளறின மாதிரியே இருக்கு. டீச்சர் உன்ன எப்படிப் பாஸ் போட்டாங்க?"

"அதப் படிச்சியா?"

"படிச்சேன். மார்க்கு எவ்வளவு குடுக்கற?" டப்பாவை எடுத்தாள். "சக்கரை எங்க? சக்கரைக்கும் ஒரு சட்டம் வச்சிருக்கியா?"

அலமாரிக் கதவு மூடிக்கொண்டது.

"நார்மா, லெட்டர ஒரு வாரம் கழிச்சுக் குடேன்."

"ஏன்?"

"சும்மாதான். ஒரு வாரம்தானே. பொறேன்."

"சும்மாவா? அந்த மேட்ரன் ஒரு வாரம் பொறுப்பாளா? நாப்பது ஸ்லைஸ் பொறுக்குமா? எங்க வில்ஃப் வாளி பொறுக்குமா?"

"நான் வேணா லீவு போட்டு மத்தியானம் வந்து வில்ஃபப் பாத்துக்கறேன். ஒரே ஒரு வாரம்."

நார்மா கெட்டிலை வைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"எட்டு வருஷம் ஆச்சு நீ வெளிய போயி. கோட்டு என்ன, பை என்ன, பரி ஆபீஸ் என்ன. நான் ஒரு வார்த்த சொல்லியிருப்பேனா? பாக்கறவங்ககிட்டல்லாம் நம்ம அவ்ரில் பரீட்ச எழுதுறான்னு சொல்லிக்கிட்டுத் திரியறேன். இப்ப நான் ஒரு கதவு தாண்டப் போறேன். அது உனக்குப் பொறுக்கலயா?"

"அது இல்ல."

"பின்ன எது? சொல்லு."

வாங்க வந்திருக்கும் ஆள், லாரியோடு வந்து நிற்பவன், நாற்பத்து மூன்று பேர் ஆகிய அனைத்தும் அவ்ரிலின் கண்முன் வரிசையாக வந்து நின்றன. "ஒண்ணும் இல்ல," என்றாள்.

"ஒண்ணும் இல்லைன்னா சிப்ஸத் தின்னு. ஆறிப்போச்சு."

வெள்ளிக்கிழமை மாலை நார்மா வந்தபோது அவள் தலைமுடியில் வண்ண நாடாக்கள் செருகியிருந்தன. தோளில் சிவப்பும் பச்சையுமாய்ப் பஞ்சுக் குண்டுகள் கோத்த மாலை ஒன்று தொங்கியது. செருப்பின் மேல் தைக்கும் பஞ்சுக் குண்டுகளைக் கோத்து வழியனுப்புவது தையல் கூடத்தாரின் வழக்கம். சென்ற வாரக் கோபத்தின் சுவடே அவளிடம் இல்லை.

"பஸ்ல எல்லாரும் பாக்கறாங்க. ஒரு கெழவன் கேக்கறான், கல்யாணமா கண்ணுன்னு. ஆமா, ஏழாவதுன்னேன்!" கையிலிருந்த வெள்ளைப் பெட்டியை மேசைமேல் வைத்தாள். "நாப்பத எண்ணி எண்ணிக் குடுத்தேன். மேனேஜருக்குக்கூடப் பாதிதான். உனக்குன்னு ஒண்ணு முழுசா எடுத்து வச்சேன். தின்னு."

"அப்புறம் தின்னுக்கறேன்."

"அப்புறம்னா கஸ்டர்ட் ஊறிப்போயிரும். நான் பாக்கணும். தின்னு."

அவ்ரில் தின்றாள். மேல் அடுக்கு நொறுங்கி மடியில் விழுந்தது. நார்மா இரு முழங்கைகளையும் மேசைமேல் ஊன்றிக்கொண்டு பார்த்திருந்தாள். கடைசித் துணுக்கையும் விழுங்கிய பின், பழக்கத்தால், அவ்ரில் விரலை நக்கினாள்.

"பாத்தியா," என்றாள் நார்மா நிறைவாக. "நாப்பதுலயும் நல்லது அதுதான்."

செவ்வாய்க்கிழமை டர்ன்பேங்கின் பூட்டுகள் மாற்றப்பட்டன. மின்மானியின் எண் குறித்துக்கொள்ளப்பட்டது. நாற்பத்திரண்டு பேரைத் தையல் கூடத்தில் நிற்கவைத்து எண்ட்விஸில் தாளை வாசித்தார். வாங்க வந்தவர் கட்டடத்தையும் வாங்கவில்லை, இயந்திரங்களையும் வாங்கவில்லை, ஆட்களையும் எடுத்துக்கொள்ளவில்லை. செருப்பின் பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு போனார். இனி அந்தப் பெயரில் வரும் செருப்பு வேறெங்கோ தைக்கப்படும். அவ்ரில் வாயை மூடியிருந்தும் ஒரு நாற்காலிகூட மிஞ்சவில்லை.

அந்தச் சனிக்கிழமை நார்மா சிப்ஸ் வாங்காமல் வந்தாள். கையில் ஒரு படிவம் இருந்தது.

"கேள்விப்பட்டிருப்ப. உங்க ஆளுங்கதானே வந்தாங்க. நாலே நாள்ல, அவ்ரில்! நாலு நாள் முந்தி நாங்க அங்க ஒக்காந்து கேக் தின்னுக்கிட்டு இருந்தோம்." அவள் குரலில் வியப்பே மிகுந்திருந்தது. "கடைசி வாரச் சம்பளம் வரல. அதையும் கவர்மெண்டு தருமாம், இதுல எழுதிக் கேக்கணுமாம். அப்புறம் மத்தவங்களுக்கு என்னமோ ஈடு வருதாம். இருபத்தாறு வருஷத்துக்கு உனக்கும் வரும், உங்க அவ்ரிலக் கேளுன்னு சொல்றாங்க. எனக்கு அதெல்லாம் புரியல. நீயே எழுதிக் குடு."

அவ்ரில் பேனாவை எடுத்தாள். பெயர். முகவரி. பணியில் சேர்ந்த நாள். இவற்றையெல்லாம் கை தானாகவே எழுதியது. அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"என்ன கேக்குது?"

"பணி முடிஞ்ச நாள். எப்படி முடிஞ்சுதுன்னும் கேக்குது."

"வெள்ளிக்கிழமன்னு போடு. நானா நின்னேன்னு போடு. பொய்யா எழுத முடியும்?" நார்மா எழுந்தாள். "எழுதிக்கிட்டே இரு. டீ போடறேன்."

அட்டையை எடுத்துவிடவில்லை என்பது அப்போதுதான் அவ்ரிலுக்கு நினைவு வந்தது.

அலமாரி திறக்கும் ஓசை கேட்டது. டப்பாவை எடுக்கும் ஓசை கேட்கவில்லை. கெட்டில் கொதித்துத் தானாகவே அடங்கியது.

"அதற்கு முன் தானாக விலகியவருக்கு," என்றாள் நார்மா. இம்முறை உரக்க வாசிக்கவில்லை. கோழி கிளறியதுபோன்ற எழுத்தின்மீது விரலை வைத்து, ஒவ்வொரு சொல்லாகத் தொட்டு நகர்த்தினாள். "இது மொதல்ல தட்டு அலமாரில இருந்துது. தட்டெடுக்கறப்ப ஒரு தடவ பாத்திருக்கேன்."

அவ்ரில் பேனாவை மேசைமேல் வைத்தாள்.

"எனக்காக எடுத்து இங்க ஒட்டின."

"ஆமா."

"எப்பத் தெரியும் உனக்கு?"

"அந்த வியாழக்கிழம. லிஸ்ட்டுல உன் பேரப் பாத்தேன். சொல்லக் கூடாது, நார்மா. சொன்னா வாங்க வந்தவன் ஓடிருவான்னு, எல்லாருக்கும் போயிரும்னு... சட்டம். பரீட்சையே எழுத விடமாட்டாங்க."

"எனக்கு எவ்வளவு வந்திருக்கும்?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. "ஆறாயிரத்துக்குக் கொஞ்சம் கொறவு."

நார்மா தலையை ஆட்டினாள். நார்மா வீட்டு மாடிப்படிக்கு அடியிலுள்ள பொந்தை இருவருமே அந்தக் கணத்தில் மனத்தில் பார்த்திருக்க வேண்டும்.

"ஒரு வாரம் பொறுன்னு சொன்ன. நான் கேக்கல. அது என் தப்பு. சட்டம்னு ஒண்ணு இருக்கு, அது உன் வேல. அதையும் ஒத்துக்கறேன்." அவள் மேலங்கியை எடுத்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டாள். "ஆனா வெள்ளிக்கிழம நான் வந்து குந்திக்கிட்டுப் பாத்தேன். நீ அந்தக் கேக்க முழுசாத் தின்ன. வெரல வேற நக்கின."

படிவம் மேசைமேல் அரைகுறையாகக் கிடந்தது. அவ்ரிலே அதை நிரப்பி அனுப்பினாள். கடைசி வாரச் சம்பளம் நார்மாவுக்கு வந்து சேர்ந்தது.

டிசம்பர்த் தேர்வின் மூன்றாம் கேள்வி: பொறுப்பேற்கவுள்ள நிறுவனம் ஒன்றில் உமது நெருங்கிய உறவினர் பணியாற்றுவதை அறிகிறீர், நீர் செய்ய வேண்டியவை யாவை? அவ்ரில் ஒன்றரைப் பக்கம் எழுதினாள். நிமிர்ந்து யோசிக்க வேண்டிய தேவையே ஏற்படவில்லை. கேள்வி எதைக் கேட்டதோ அதை மட்டும் எழுதினாள்.

பிப்ரவரியில் முடிவு வந்தது. எண்ட்விஸில் எல்லோர் முன்னிலையிலும் அவள் கையைக் குலுக்கினார். "இனிமே கிளிஃப்னு கூப்புடு," என்றார். பிறகு, "கேக் எங்க?" என்றார். தேர்ச்சி பெற்றவர்தான் வாங்கித் தர வேண்டும். அலுவலகத்திலும் வழக்கம் அதுவே.

பாலத்தடி பேக்கரிக்காரி மேவிஸ் பெட்டிகளை மடித்தவாறு கேட்டாள்: "எத்தன கண்ணு? உங்க நார்மா வாங்கின மாதிரி நாப்பதா?"

"பதினொண்ணு. பத்து ஒரு பெட்டில. ஒண்ண மட்டும் தனியாப் போட்டுக் குடு."

தனிப் பெட்டியோடு அவ்ரில் மேட்டுத் தெருவில் ஏறினாள். மழை பெய்துகொண்டிருந்தது. அக்டோபர் கடைசியிலிருந்து சனிக்கிழமைகளில் அவள் தனியாகவே சிப்ஸ் தின்று வந்தாள்.

கதவைத் திறந்த நார்மா முதியோர் இல்லத்தின் நீலச் சீருடையில் இருந்தாள். மதிய இடைவேளைக்கு ஓடி வந்திருந்தாள். கையில் ரப்பர் உறை. உள்ளே முன்னறையில் வில்ஃபின் கட்டிலும், கட்டிலுக்கு அருகில் வாளியும் தெரிந்தன.

"பாஸாயிட்டியா?"

"ஆயிட்டேன்."

"அப்படித்தான் நெனச்சேன்."

நார்மா உறையைக் கழற்றி இடுப்பில் செருகினாள். பெட்டியை வாங்கினாள். உள்ளே வா என்று சொல்லவில்லை. வாசற்படியில் நின்றபடியே பெட்டியைத் திறந்து, ஸ்லைஸை வெளியே எடுத்து, அவ்ரிலைப் பார்த்துக்கொண்டே ஒரு கடி கடித்தாள். அவசரப்படவில்லை. நொறுங்கி விழுந்ததைப் பெட்டிமூடியில் ஏந்தி, அதையும் வாயில் போட்டுக்கொண்டாள். முழுவதையும் தின்று முடித்தாள். மழைநீர் அவ்ரிலின் கழுத்துப்பட்டிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் குடையை விரிக்கவில்லை.

"நல்லாருக்கு," என்றாள் நார்மா, விரலை நக்கிவிட்டு. வெறும் பெட்டியைத் திருப்பித் தந்தாள்.

உள்ளிருந்து வில்ஃபின் குரல் குழறியபடி வந்தது. "யாரு நார்மா? நம்ம அவ்ரிலா?"

நார்மா கதவில் கை வைத்தாள்.

"இல்ல. பரி ஆபீஸ்ல இருந்து வந்திருக்காங்க."